பரிசாகக் கேட்ட பூனைக்குட்டி

கேள்வி: என் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, "பாஸ் பண்ணினால் ஒரு பூனைக்குட்டி வேணும் அம்மா" என்று கேட்டாள். படிக்கட்டும் என்று நானும் ஓம் சொல்லிவிட்டேன். இப்போது வெட்டுப்புள்ளிக்கு மேலேயே எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவின் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. "ஒண்டை நீங்கள் எடுங்கோ, மிச்சத்தை மீன் சந்தையடியில விட்டுடுவன்" என்கிறார். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் மகளும் மாமியும்தான். மாமிக்குத் தொய்வு இருக்கிறது. நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை; பாலும் சோறும் பருப்பும் கொடுத்தால் பூனைக்குப் போதும்தானே? இரண்டு மூன்று வருடத்தில் கனடா போகும் யோசனையும் இருக்கிறது. கொடுத்த வாக்கை மறுக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
ஒரு தாய், உவர்மலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் எழுதிக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். என்னிடம் வருகிற பலர் குட்டியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பிறகுதான் "டொக்டர், இதை வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் பிள்ளை நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? உங்களுக்கு இன்னும் ஆறுதலாக இருந்து யோசிக்க நேரம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டோடு இருந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, ஊசிகள் ஒழுங்காகப் போட்ட பூனை 12 முதல் 15 வருடம் உயிரோடு இருக்கும். இருபதைத் தொடுகிற பூனைகளும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் கிறீம் பஃப் என்ற பூனை 1967 இல் பிறந்து 2005 வரை, 38 வருடம் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அது அபூர்வம்தான். ஆனால் 15 வருடம் அபூர்வம் இல்லை. உங்கள் மகளுக்கு இப்போது பத்து வயது என்று வைத்துக்கொள்வோம். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது பூனைக்கு ஆறு வயது. உயர்தரம் முடித்து, பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கம்பஸுக்குப் போகும்போது பூனைக்கு எட்டு ஒன்பது. ஆயுளில் பாதி தாண்டியிருக்கும். மிச்சப் பாதியை அது யாரோடு கழிக்கப்போகிறது? உங்களோடுதான்.

ஆகவே "மகள் பார்த்துக்கொள்வாளா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை "நான் எல்லாம் பார்ப்பன்" என்று சொல்வது பொய் இல்லை, மனதாரத்தான் சொல்கிறாள். ஆனால் ஆறாம் ஆண்டில் புதுப் பள்ளிக்கூடம், புதுச் சிநேகிதிகள், பின்னேரம் டியூஷன் என்று அவளுடைய நாள் நிரம்பிவிடும். அது அவளுடைய பிழையும் இல்லை. பூனைக்குச் சொந்தக்காரி நீங்கள்தான். மகள் கேட்காமலே இருந்திருந்தாலும் "இந்த வீட்டில் ஒரு பூனை இருக்கட்டும்" என்று உங்கள் மனம் சொல்லுமா? சொல்லும் என்றால் மேலே வாசியுங்கள். பிள்ளைக்காக மட்டும்தான் என்றால், இப்போதே அவளைப் பக்கத்தில் இருத்திக் கதையுங்கள். "நான் அந்த நேரம் யோசிக்காமல் ஓம் சொல்லிவிட்டேன் பிள்ளை, இது பதினைந்து வருடத்துப் பொறுப்பு, இப்ப எங்களால் முடியாது" என்று நேராகச் சொன்னால் அவளுக்கு விளங்கும். இரண்டு நாள் அழுவாள். குட்டியைக் கொண்டுவந்து, அது இரவில் அவளோடு படுத்துப் பழகிய பிறகு "யாருக்காவது கொடுத்துவிடுவோம்" என்றால் அந்த அழுகை இரண்டு நாளில் நிற்காது. பரீட்சைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். உயிருள்ளதைப் பரிசாகக் கொடுப்பதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை. பூனை வருவதாக இருந்தால் அது வேறு காரணத்துக்காக, வேறு ஒரு நாளில் வரட்டும்.

சரி, இனிச் சாப்பாடு. "பாலும் சோறும் பருப்பும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்திய வரி இதுதான். நாய்க்குச் சோறும் பருப்பும் முட்டையும் கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம். பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. அதற்கு மச்சம் கட்டாயம் வேண்டும். டோரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானாகச் செய்துகொள்ளாது; இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். அது மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போனால் விழித்திரை பழுதாகிப் பார்வை போகும். இதயத்தின் தசை மெலிந்து, இதயம் ஊதிப் பெருத்து, ஒரு நாள் மூச்சு வாங்கத் தொடங்கும். இந்த இதய நோய்க்குக் காரணம் டோரின் குறைவுதான் என்று 1987 இல் அமெரிக்காவில், டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை நல்ல பெயர்பெற்ற கடைத் தீன் சாப்பிட்ட பூனைகள்கூட அந்த நோயில் செத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகுதான் கம்பனிகள் தீனில் டோரினைக் கூட்டின. விற்றமின் ஏ கதையும் இப்படித்தான். கரட்டிலும் பூசணியிலும் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்வதுபோலப் பூனையால் எடுக்க முடியாது. ஆகவே அன்பான சைவ வீட்டில், ஒரு குறையும் இல்லாமல் பால்சோறு சாப்பிட்டு வளர்கிற பூனை, யாருக்கும் தெரியாமல் மெல்ல மெல்லக் குருடாகலாம்.

பால் வேறு பிரச்சினை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செமிக்காது. குட்டிக்கு மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி ஒரே நாளில் துவண்டுவிடும். குடிக்கத் தண்ணீர்தான் வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும், பூனை இயல்பாகவே குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். பிறகு, மிஞ்சிய கறிச்சோறு. எங்கள் கறி எதிலே வெங்காயமும் உள்ளியும் இல்லை? இரண்டும் பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக என்றாலும் வதக்கி என்றாலும் தூளாக என்றாலும் ஒன்றுதான்.

"திருகோணமலையில மீனுக்கு என்ன குறை, நாலு சூடையைப் போட்டால் சாப்பிட்டுட்டுக் கிடக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லக்கூடும். அதுவும் முழுச் சரி இல்லை. சில மீன்களைப் பச்சையாகவே கொடுத்து வந்தால் விற்றமின் பி1 அழிந்து பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். சூடை, சாளை போன்ற எண்ணெய்ப் பிடிப்பான மீனை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து உடம்பிலுள்ள கொழுப்பே வீங்கி நோகும், தூக்கினாலே கத்தும். வீட்டில் சமைத்துக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: முள் எடுத்து அவித்த மீன் ஒரு நாள், அவித்த கோழி மறுநாள், ஈரல் கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் அதையும் சேர்த்து வையுங்கள், டோரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கிக் கிடக்கும். இப்படிச் சமைத்துக் கொடுக்கிற பூனையை இடைக்கிடை வைத்தியரிடம் காட்டி, வேறு சத்து எதுவும் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

உங்கள் வீட்டு அடுப்படியில் இது நடக்காது என்று எனக்குத் தெரியும், நடக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஏற்றது கடைத் தீன்தான். பக்கற்றில் அது முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா, குட்டிக்கா வளர்ந்த பூனைக்கா என்று பார்த்து வாங்குங்கள். விறாந்தை மூலையில் அதற்கென்று ஒரு தட்டு வைத்துவிட்டால் அடுப்படிக்கு வரத் தேவையில்லை. ஆனால் அந்தத் தீனும் மச்சம்தான், மணக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வயிறு நிறையச் சாப்பாடு வைத்தாலும் பூனை வேட்டையை விடாது. வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் குளித்து முழுகிக் கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம், சாமியறை வாசலில் தலை இல்லாத எலி ஒன்று கிடக்கும். பூனை பக்கத்தில் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். அதை ஏசாமல், ஒரு கடதாசியால் அள்ளி எறிந்துவிட்டு மறுபடி கை கால் கழுவிக்கொண்டு போகிற மனம் உங்களுக்கும் மாமிக்கும் இருக்கிறதா? இருக்கிறது என்றால் சைவ வீட்டில் பூனை தாராளமாக வளரலாம். எத்தனையோ வீடுகளில் வளர்கிறது.

கடைத் தீனை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். 2022 இல் பால்மாவுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். குட்டியாக இருக்கும்போது பழகாத சாப்பாட்டைப் பெரிய பூனை தொடவே தொடாது. பட்டினி கிடக்கட்டும், தானாகச் சாப்பிடும் என்று விடவும் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே முதல் ஆறு மாதத்துக்குள் இரண்டு மூன்று வகைத் தீனும் ஈரத் தீனும் காய்ந்த தீனும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் அவித்த கோழி கிடைத்தால் அதையும் பழக்கலாம்.

மாமியின் தொய்வைப் பற்றி. பூனை மயிர்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதம். பூனை தன்னை நக்க நக்க அது மயிரில் காய்ந்து, தூளாகிக் காற்றில் மிதக்கும். துணியிலும் மெத்தையிலும் படியும். பூனையை வீட்டை விட்டு அனுப்பினாலும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எனவே "கொண்டுவந்து பார்ப்போம், சரிவராவிட்டால் திருப்பிக் கொடுப்போம்" என்பது மாமிக்கும் நல்லதில்லை, குட்டிக்கும் நல்லதில்லை. சோதனையைப் பக்கத்து வீட்டிலேயே செய்யுங்கள். மாமியும் நீங்களும் நாலைந்து தடவை அங்கே போய், பூனை படுக்கிற அறையில் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள். அன்றிரவும் மறுநாளும் இழுப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிளினிக்கில் மாமியைப் பார்க்கிற டொக்டரிடம் முதலே சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒன்றும் இல்லை என்றால், மாமியின் படுக்கை அறைக்குள் பூனை வருவதில்லை என்ற ஒழுங்கோடு தொடங்கலாம். இழுப்புக் கூடினால் விஷயம் அதோடு முடிந்தது. மாமியின் மூச்சைப் பணயம் வைத்துப் பூனை வளர்க்கச் சொல்ல நான் வரமாட்டேன்.

ஊசி விஷயம் சுருக்கமாக. குட்டிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை ஆகும்வரை. பார்வோ இனத்து வைரஸ் ஒன்று குட்டிகளை வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் ஓரிரு நாளில் கொன்றுவிடும். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்வரை உயிரோடு கிடக்கும். விசர் நோய்க்கான ஊசியைத் தவறவே விடக்கூடாது. மகளுக்கு ஏதாவது பூனையோ நாயோ கடித்தாலும் கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கருத்தடைச் சத்திரசிகிச்சையை ஐந்து மாதமளவில் செய்துவிட வேண்டும். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது, 63 முதல் 65 நாளில் குட்டி போடும். "பாவம், ஒருதரமாவது தாயாகட்டும்" என்று சொல்லி இந்த ஒப்பரேஷனைத் தள்ளிப் போடுகிறவர்களை அடிக்கடி காண்கிறேன். அதில் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. நேரத்தோடு செய்தால் பிற்காலத்தில் முலைப் புற்றுநோய் வரும் ஆபத்துப் பெரிதும் குறைகிறது. ஆண் பூனைக்குச் செய்தால் இரவில் ஊர் சுற்றுவதும் கடிபட்டு வருவதும் சுவரில் மூத்திரம் அடிப்பதும் குறையும்.

எங்கள் ஓட்டு வீடுகளில் பூனையை முழுக்க முழுக்க உள்ளேயே வைத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் இரவில் உள்ளே அடைத்துவிடலாம். தெருவில் லைற் போட்டுக்கொண்டு வருகிற ஓட்டோவையும் கூட்டமாகத் திரிகிற நாய்களையும் விட மோசமான எதிரி அதற்கு இல்லை. ஒரு பேசினில் கடற்கரை மணலைப் போட்டு மூலையில் வைத்தால் இரண்டு நாளில் பழகிவிடும். அந்த மணலை ஒவ்வொரு நாளும் துப்புரவாக்குங்கள். கர்ப்பிணிகள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் அந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆண் பூனை அந்தப் பேசினுக்குள் போய்ப் போய் முக்கிக்கொண்டிருந்து, சொட்டும் வராவிட்டால் அது மலச்சிக்கல் இல்லை. மூத்திரக் குழாய் அடைபட்டிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருந்தால் சில நேரம் விடியும்போது உயிர் இருக்காது.

ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: பூனைக்குப் பனடோல் கொடுக்கக்கூடாது. காய்ச்சல், நடக்க ஏலாமல் கிடக்கிறது என்று இரக்கப்பட்டு அரைக் குளிசையைக் கரைத்துப் பருக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. முகம் வீங்கி, வாயின் உட்புறம் சிவப்பு மாறிக் கபில நிறமாகிவிட்ட பூனையைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிடும். ஒரு குளிசை போதும், ஒரு பூனை சாக.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் இரண்டு மூன்று வருடத்துக் கதை. நான் உங்களை உண்மையாக யோசிக்கச் சொல்வது கடைசி மூன்று நாலு வருடத்தைப் பற்றி. பூனைக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகும்போது வீட்டில் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மூலையில் படுத்திருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. பிறகு ஒரு நாள், கிணற்றடி வாளியில் தலையை விட்டு நெடுநேரம் தண்ணீர் குடிக்கும். முந்தி இப்படிக் குடித்ததில்லையே என்று தோன்றும். முதுகைத் தடவினால் முள்ளந்தண்டின் ஒவ்வொரு முடிச்சும் கையில் தட்டுப்படும். மயிர் ஒட்டி ஒட்டி நிற்கும், அது தன்னை நக்கித் துப்புரவாக்குவதை நிறுத்தியிருக்கும். வயதான பூனைகளில் சிறுநீரக நோய் மிகச் சாதாரணம், இதுதான் அதன் முகம். மாற்ற முடியாது. ஆனால் நேரத்தோடு பிடித்தால் மாதங்கள் என்ன, வருடக்கணக்கிலும் நிம்மதியாக வைத்திருக்கலாம். சாப்பாட்டை மாற்ற வேண்டும், இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும். சிலருக்கு வீட்டிலேயே சேலைன் ஏற்றப் பழக்கிவிடுகிறேன். யன்னல் கம்பியில் போத்தலைக் கொழுவி, தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம்போல இழுத்துப் பிடித்து ஊசியை ஏற்ற வேண்டும். முதல் நாள் கை நடுங்கும். ஒரு கிழமையில், பூனையை மடியில் வைத்து ரீவி பார்த்துக்கொண்டே ஏற்றிவிடுவார்கள். கடினமான நோய் என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும். ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கூடைக்குள் ஒரு பூனையோடு அவ்வளவு தூரம் போய் வர ஒரு முழு நாள் வேண்டும், காசும் வேண்டும்.

அந்த வயதில், பூனைக்கு 13, உங்களுக்கு ஐம்பதை அண்டியிருக்கும். மகள் வேறு ஊரில் இருப்பாள். மாமியையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒன்றும் செய்ய முடியாத நிலை வந்து நான் கருணை ஊசியைப் பற்றிக் கதைத்தால் அந்த முடிவையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். சைவ வீடுகளில் இதற்குச் சம்மதிப்பது சுலபம் இல்லை, நான் யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் மூச்சுத் திணறுகிற பிராணியை "இயற்கையாகப் போகட்டும்" என்று அறையில் பூட்டிவிட்டு வெளியே இருப்பது எனக்குச் சம்மதம் இல்லை. எந்த வழியாக இருந்தாலும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவராக இருக்க உங்களால் முடியுமா என்பதை இப்போதே மனதில் வைத்துப் பாருங்கள்.

கனடா. வெளிநாடு போகும் கதை இல்லாத வீடு எங்களூரில் எத்தனை? வெறும் யோசனை என்றால் அதை வைத்துப் பூனையை மறுக்கச் சொல்லமாட்டேன். விண்ணப்பம் போட்டு, பத்திரங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்றால் இப்போது குட்டி எடுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போவது முடியாத காரியம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்கு விசர் தடுப்பூசி போட்ட அத்தாட்சியைக் கனடா கேட்கும். பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய நாடுகளுக்கோ என்றால் இன்னும் நீளம்: தோலுக்குள் மைக்ரோசிப், அதன் பிறகு ஊசி, முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. கூடு, விமானக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சிறிய காசு இல்லை. கொண்டுபோகப் போவதில்லை என்றால் அதைப் பொறுப்பெடுக்கிற ஆள் யார் என்று இன்றைக்கே பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "யாராவது எடுப்பினம்" என்று சொல்லிவிட்டுப் போன வீடுகளின் பூனைகள் பூட்டிய கேற்றடியில் வாரக்கணக்கில் கிடப்பதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு இடப்பெயர்வும் இருக்கிறது. 2004 சுனாமியை விடுங்கள், 2020 டிசம்பரில் புரேவி புயல் எங்கள் கரையில் ஏறியபோதும் கடலோரச் சனம் பாடசாலைகளுக்கு ஓடவேண்டி வந்தது. உவர்மலை மேடுதான், இருந்தாலும் மூடி வைத்த ஒரு கூடையை, மூடியை எப்போதும் திறந்தபடி வீட்டுக்குள் வைத்து, அதற்குள் படுக்கப் பழக்குங்கள். அவசரத்துக்குப் பூனையைத் துரத்திப் பிடிக்க முடியாது.

முடிவாக என்னைக் கேட்டால்: மாமியின் மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கனடாப் பத்திரம் இன்னும் போடவில்லை, உங்கள் மனமும் சம்மதம் என்றால் ஒரு குட்டியை எடுங்கள். ஆனால் இப்போதே தூக்கி வராதீர்கள். குறைந்தது எட்டுக் கிழமை அது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். கடிக்காமல் விளையாடவும் மணலில் போகவும் அங்கேதான் பழகும். அதுவரை மகளை ஒவ்வொரு பின்னேரமும் அங்கே அனுப்புங்கள். தூக்கட்டும், தடவட்டும். இந்தக் கிழமைகளில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிதான் பிறகு மடிக்கு வரும். மழையிலும் சோம்பல் நாளிலும் அவள் போகிறாளா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற மூன்று குட்டிகளையும் மீன் சந்தையடியில் விடுவதாக அக்கா சொன்னதை என்னால் வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று அவர் நல்லெண்ணத்தில் நினைக்கலாம். பால் மறக்காத குட்டிக்கு மீன் தலை சாப்பிடத் தெரியாது. லொறிச் சில்லுக்கும் நாய்க்கும் வெயிலுக்கும் அவை ஒரு கிழமை தாங்கமாட்டா. எட்டுக் கிழமை வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைகளிலும் தெரிந்த வீடுகளிலும் கேட்டால் எலித் தொல்லைக்காவது எடுக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் ஊசியையும் ஒப்பரேஷனையும் சொல்லிக் கொடுக்கட்டும். தாய்ப்பூனையை இதோடு நிறுத்தாவிட்டால் இன்னும் நாலு மாதத்தில் அக்கா மறுபடி உங்களிடம்தான் வருவார். பால் கொடுக்கும்போதே அது சினைப்பட்டுவிடும், ஆகவே குட்டிகள் பால் மறக்கும்வரை இரவில் வெளியே விடவேண்டாம். பால் மறந்து இரண்டு கிழமை கழித்து அதை ஒப்பரேஷனுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டால் யாருக்கும் பாரம் இல்லை. வருவதற்கு முந்தின இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வைக்கலாம்.

இப்படிக்கு,
மிருக வைத்தியர், திருகோணமலை